கட்டில் கம்பியில் கட்டிய சென்சார்

மத்தியானம் கொஞ்சம் கண்ணயரும்போது வீட்டு ஃபிரிட்ஜின் மோட்டார் நின்றால் எனக்கு விழிப்பு வந்துவிடும். ஓடிக்கொண்டிருந்தால் நன்றாகத் தூங்குவேன். நின்றதும் கண்ணைத் திறந்து, என்ன ஆயிற்று, எதில் கோளாறு என்று விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடப்பேன். ரிட்டயர் ஆனவளுக்கு இது தேவையா? இத்தனை வருஷம், மெஷின்களைக் குளிர வைக்கத் தண்ணீர் அனுப்புகிற சில்லர்களின் டெஸ்டிங்கில் நின்றதற்கு மிச்சம் இதுதான். இதுவும், படியேறினால் சத்தம் போடுகிற இரண்டு முழங்காலும்.

டெஸ்டிங்குக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்கு என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்டார்கள். கொஞ்சம் ஊக்கமூட்டும்படி இருக்கட்டும் என்றும் சொன்னார்கள். வற்றிப்போன போர்வெல்லில் மோட்டார் இறக்குகிற வேலைதான் அது. கேஜ் பார்ப்பது, கேஸ் ஏற்றுவது எல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆள் இருக்கிறது. நான் ஒரே ஒரு வேலையைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகிறேன். நம் கம்பெனி இதுவரை செய்ததிலேயே மிகச் சின்ன சில்லர் அது. ஒரு மளிகைக்கடை அட்டைப்பெட்டிக்குள் அடங்கிவிடும். என்னை அதிகம் படுத்தியதும் அதுதான்.

நான் ரிட்டயர் ஆவதற்கு முந்தைய மழைக்காலம். கேட்டிலிருந்து செக்யூரிட்டி போன் பண்ணி, லேடீஸ் ஒருத்தர் வந்திருக்கிறார் என்றார். பெண் யார் வந்தாலும் சரி, சோப்பு விற்க வந்தாலும் சரி, என்னிடம்தான் அனுப்புவார்கள். நான் என்ன மாதர் சங்கமா? எரிச்சலோடுதான் போனேன். ஸ்கூட்டரின் கால் வைக்கிற இடத்தில் ஒரு கம்ப்யூட்டர் பெட்டியை பிளாஸ்டிக் கவர் போட்டு வைத்து, தன் தலையில் மழை கொட்டுவதைக் கண்டுகொள்ளாமல் ஒரு பெண் நின்றிருந்தாள். முப்பது வயதைத் தாண்டியிருப்பாள். பெயர் பார்கவி. தொரப்பள்ளியிலிருந்து வருகிறாள்.

"நீங்க பெரிய பெரிய மெஷினை எல்லாம் குளுர வெக்கறீங்க. இதுக்குள்ள இருக்கற பிராசசரைக் குளுர வெச்சுத் தருவீங்களா மேடம்?" என்றாள்.

அவள் செய்வது நம் ஒசூருக்கே உரிய வேலை. டூல் ரூமில் பிளாஸ்டிக் சாமான் வார்க்கிற பெரிய இரும்பு அச்சுகளைக் குடைந்து எடுக்கிறார்கள் அல்லவா, அந்தக் கட்டர் எந்த வழியாகப் போக வேண்டும், எங்கே திரும்ப வேண்டும் என்று கணக்குப் போட்டு புரோகிராம் எழுதித் தருவது. முன்பு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் அதைச் செய்துகொண்டிருந்தாள். அப்பாவுக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் வேலையை விட்டுவிட்டு, அப்பா படுத்திருக்கிற அறையிலேயே கம்ப்யூட்டரை வைத்து வெளி வேலை எடுத்துச் செய்துகொண்டிருந்தாள்.

அந்தக் கணக்கு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போடப்படும். பிராசசருக்குள் பத்து மூளை இருந்தாலும் ஒரு மூளைதான் வேலை செய்யும், மற்றவை வேடிக்கை பார்க்கும் என்று அவளே சொன்னாள். அதனால் அந்த ஒன்றின் வேகத்தைக் கூட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. செய்தவன் போட்ட எல்லைக்கு மேல் அதை விரட்டி ஓட்டியிருக்கிறாள். ஓவர்கிளாக் என்று அதற்குப் பெயராம். விரட்டினால் சூடாகிறது. சூடு ஏறியதும் பிராசசர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டு நடை போடுகிறது. கடையில் கிடைக்கிற விசிறி, தண்ணீர் செட் எல்லாம் மாட்டிப் பார்த்துவிட்டாள். தாக்குப்பிடிக்கவில்லை.

ஒரு பெரிய டூல் ரூம் அவளுக்குச் சோதனையாக வேலை தரச் சம்மதித்திருந்தது. காலையில் மாடல் வரும். இரண்டாவது ஷிப்ட் ஆரம்பிப்பதற்குள் புரோகிராம் போய்ச் சேர வேண்டும். முடித்துக் காட்டினால் தொடர்ந்து வேலை. முடியாவிட்டால் அந்த வேலை பெங்களூரில் இருக்கிற ஓர் ஆபீசுக்குப் போய்விடும். அந்த ஆபீசில் இவளுக்கு வேலையும் தயாராக இருந்தது. போனால் இருட்டோடு பஸ் ஏறி இருட்டில்தான் திரும்ப வேண்டும். கிருஷ்ணகிரியில் ஒரு முதியோர் இல்லத்தில் அப்பாவுக்கு அவள் அண்ணன் இடம்கூடப் பேசி வைத்துவிட்டான்.

"அங்க நல்லா பாத்துப்பாங்கன்னு அண்ணன் சொல்றான். நல்லாத்தான் பாத்துப்பாங்க. ஆனா அப்பா தட்டறது அவங்களுக்குப் புரியாது மேடம்," என்றாள். என்ன தட்டுவது என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. மழையில் நிறுத்தி வைத்து விசாரிக்கவும் மனம் வரவில்லை. உள்ளே கூட்டிப் போனேன்.

முதலாளி முதலில் சிரித்தார். பிறகு யோசித்தார். கண்காட்சியில் வைத்துக் காட்ட நல்ல பொருள், சின்னதும் செய்வோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. டிசைனில் இருந்த நஞ்சப்பாவைக் கேட்கவே வேண்டாம். கன்னடமும் தெலுங்கும் தமிழும் ஒரே வாக்கியத்தில் பேசுகிறவர். உத்தனப்பள்ளியிலிருந்து தினமும் வந்து போவார். நல்ல மூளை, நல்ல மனசு. புது வேலை கிடைத்துவிட்டால் சாப்பாடு மறந்துவிடும். நான் மட்டும்தான், அடுத்து யாராவது கைக்கடிகாரத்துக்குச் சில்லர் கேட்டாலும் செய்துவிடுவோமா என்று முணுமுணுத்தேன். அலுப்பு என்று ஒன்று இருக்கிறது, தம்பி தங்கைகளே. அது வந்துவிட்டால் புதியது எதைப் பார்த்தாலும் இன்னொரு வேலையாகத்தான் தெரியும். உங்களுக்கும் ஒரு நாள் வரும்.

செய்த விதத்தைச் சொல்லி உங்களைத் தூங்க வைக்க மாட்டேன். பிராசசரின் தலைமேல் உட்காரும்படி ஒரு செம்புக் கட்டி. அதற்குள் நுணுக்கமான வாய்க்கால்கள். குளிர்ந்த தண்ணீர் அதற்குள் போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு வரும். அறை மூலையில் நிற்கிற சில்லர் அந்தத் தண்ணீரை மறுபடி குளிர வைத்து அனுப்பும். நம் டெஸ்டிங் அறையில் ஓட்டிப் பார்த்தபோது குழாயைத் தொட்டால் விரல் விறைத்தது. பார்கவி தன் இஷ்டத்துக்கு வேகத்தைக் கூட்டினாள். பிராசசர் அலுங்காமல் ஓடியது. நஞ்சப்பா அவளைவிட அதிகமாகச் சந்தோஷப்பட்டார். இன்னும் குறைக்கலாம், இன்னும் குறைக்கலாம் என்று தண்ணீரின் டிகிரியை இறக்கிக்கொண்டே போனார். எவ்வளவு குளிர் வரும் என்பதுதான் எங்கள் எல்லோருக்கும் பேச்சு. டெஸ்டிங் அறையில் ஏசி ஓடுகிறது, காற்று உலர்ந்து கிடக்கிறது என்பது எங்களுக்குத் தெரியாதா? தெரியும். தினமும் அதற்குள் நின்று உதடு வெடித்தவர்கள் நாங்கள். ஆனால் அன்றைக்கு யாருக்கும் அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை.

அவள் வீட்டில் கொண்டுபோய் மாட்டிய நாள் நல்ல வெயில். மழைக்கு நடுவில் அப்படி ஒரு நாள் வரும். நஞ்சப்பாவும் நானும் போனோம். போனதும் நஞ்சப்பா, கம்பெனி ஷாப் ஃப்ளோரில் செய்வதைப் போலவே, "ஏரியா கிளியர்" என்று குரல் கொடுத்தார். உங்களுக்கும் முதல் வாரமே அதைச் சொல்லித் தந்திருப்பார்கள். புது மெஷினுக்கு முதல் முறை ஸ்விட்ச் போடும்போது பக்கத்தில் வேண்டாத ஆள் இருக்கக் கூடாது, சாமான் இருக்கக் கூடாது, ஷட்டர் கதவெல்லாம் திறந்திருக்க வேண்டும். கை கால் பத்திரமாக இருக்க வேண்டும் என்பதற்காக ஏற்பட்ட பழக்கம். யாரும் யோசித்துச் செய்வதில்லை, மூச்சு விடுவதைப் போலச் செய்வோம்.

அதைத்தான் அந்த வீட்டிலும் செய்தோம். அப்பாவைக் கட்டிலோடு தூக்கி முன்கூடத்தில் வைத்தோம். கொடியில் காய்ந்த துணிகளை எடுத்தோம். அவருக்கு ஆவி பிடிக்க வைத்திருந்த கெட்டிலை அடுப்படிக்கு அனுப்பினோம். ஜன்னல் இரண்டையும் அகலத் திறந்தோம். மெஷினை ஓட்டினோம். கூடத்திலிருந்து டக் என்று கட்டில் கம்பியில் ஒரு சத்தம் கேட்டது. பார்கவி எட்டிப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள். அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். தேன்கனிக்கோட்டை ரூட். பேச்சு போன பிறகு, மோதிர விரலால் கட்டில் கம்பியில் தட்டுகிறார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, வேண்டாம். இரண்டு தட்டு என்றால் போகலாம், சரி. தண்ணி வேணுமா, திரும்பிப் படுக்கணுமா என்று இவள் கேட்பாள். அவர் தட்டுவார். அப்பாவுக்கும் மகளுக்கும் பேச்சு அதோடு சரி.

"எடம் மாத்துனது புடிக்கல போல," என்று சிரித்தாள். எல்லாம் சரியாக ஓடியது. கட்டிலைத் திரும்பக் கொண்டுவந்து போட்டோம். காபி குடித்தோம். ஆள் படுத்திருக்கிற அறையில் வைக்கிற மெஷினை, ஆளை வெளியே அனுப்பிவிட்டு ஓட்டிப் பார்த்து, பாஸ் என்று சொல்லிவிட்டு வந்தோம்.

டூல் ரூமிலிருந்து சோதனை வேலை வந்த நாளன்றே நாங்கள் ஓட்டம் பார்க்கப் போவதாக ஏற்பாடு. அன்றைக்கு விட்டுவிட்டுத் தூறல். நான் ஒசூரிலிருந்து போய்ச் சேர்ந்துவிட்டேன். உத்தனப்பள்ளி பக்கத்திலிருந்து வர வேண்டிய நஞ்சப்பா போன் பண்ணினார். சானமாவு காட்டிலிருந்து ஆனை இறங்கி ரோட்டோரம் நிற்கிறதாம். ஃபாரஸ்ட்காரர்கள் இரண்டு பக்கமும் வண்டிகளை நிறுத்தி வைத்திருக்கிறார்களாம். எப்போது விடுவார்கள் என்று ஆனைக்குத்தான் தெரியும் என்றார். சரி, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று பார்கவியின் வீட்டுக்குள் நுழைந்தேன்.

அறைக்கதவைத் திறந்து காலெடுத்து வைத்ததும் என் மூக்குக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்து மங்கிவிட்டது. ஒன்றும் தெரியவில்லை. கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். ஜன்னல் இரண்டும் இறுக்கிச் சாத்தியிருந்தது. அப்பாவுக்குச் சளி கட்டியிருந்ததால் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. படுக்கையில் இருப்பவருக்குத் துணி எவ்வளவு ஆகும், மழைக்கு வெளியே போட முடியாமல் போர்வையும் வேட்டியுமாக அறைக்குள்ளேயே நாலு கொடி. இப்படித்தான் அந்த அறை எப்போதும் இருக்கும். நாங்கள் பார்த்தது அந்த அறையை அல்ல.

பார்கவி முகமெல்லாம் சிரிப்பாகத் திரையைக் காட்டினாள். "முக்கால்வாசி முடிஞ்சிருச்சு மேடம். நிக்கவே இல்ல. நேரத்துக்கு முன்னாடியே அனுப்பிருவன்."

டக். கட்டிலிலிருந்து ஒரு தட்டு. கொஞ்சம் விட்டு மறுபடி டக்.

காலையிலிருந்து இப்படியேதான் தட்டுகிறார் என்றாள். மெஷின் சத்தம் அவருக்குப் பிடிக்கவில்லை, நிறுத்தச் சொல்கிறார், சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிப் பார்த்துவிட்டாளாம்.

நான் அவரைப் பார்த்தேன். சத்தம் போடுகிற சில்லர் கால்மாட்டு மூலையில் இருந்தது. அவர் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. ஒருக்களித்துப் படுத்து, தனக்கு நேர் எதிரே இருந்த கம்ப்யூட்டர் பெட்டியின் கண்ணாடிப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். குனிந்து பார்த்தேன். முழங்கால் வலியெல்லாம் மறந்துவிட்டது. அறையின் ஈரக்காற்று சில்லென்ற குழாயில் பட்டு, குழாய் முழுக்க வியர்த்திருந்தது. குழாய்க்கு மேல் சுற்றியிருந்த உறை ஊறிப்போய்த் தொங்கியது. வளைகிற இடத்தில் ஒரு பெரிய சொட்டு, இதோ விழுகிறேன் என்று நின்றது. அதற்கு நேர் கீழே கம்ப்யூட்டரின் சர்க்யூட் போர்டு. விழுந்தால் போர்டு போகும், பிராசசர் போகும், காலையிலிருந்து போட்ட கணக்கெல்லாம் போகும். மாதாவே என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன்.

பையில் எப்போதும் கொஞ்சம் பனியன் வேஸ்ட் வைத்திருப்பேன், எண்ணெய் துடைக்கிற துணிக்கழிவுதான். ஒரு பிடி எடுத்து அந்த வளைவில் அணைத்துப் பிடித்தேன். பார்கவிக்கு முகம் வெளுத்துவிட்டது. உடனே நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். நிறுத்தினால் நடுவில் எதுவும் சேமித்து வைக்க முடியாது, முதலிலிருந்து போட வேண்டும், அதற்கு நேரம் இல்லை என்றாள்.

ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டே முதலாளிக்குப் போன் போட்டேன். அவர் உடனே சொன்னார்: "எல்லாத்தையும் ஆஃப் பண்ணிடுங்க மேடம். ஈரத்துணி, கெட்டில் எல்லாம் தெரியற மாதிரி போட்டோ எடுத்துக்கங்க. சைட் கண்டிஷன் சரியில்லன்னு சொல்லிக்கலாம்." சரி சார் என்று வைத்துவிட்டேன். போட்டோ எடுக்கவில்லை.

அடுத்து நஞ்சப்பா. "ஏசப்பா சாட்சியா சொல்லுங்க மேடம், வேர்க்குதா?" என்று இரண்டு தடவை கேட்டார். என் சாமியை அவர் சாட்சிக்கு இழுப்பது வழக்கம்தான். பிறகு, சில்லரை மட்டும் நிறுத்திவிடுங்கள், பம்ப் ஓடட்டும், தண்ணீர் தானாகச் சூடாகும், வியர்வை நின்றுவிடும் என்றார். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அந்த வேகத்தில் ஓடுகிற பிராசசருக்குக் குளிரைச் சட்டென்று நிறுத்தினால், இத்தனூண்டு தண்ணீர் மளமளவென்று சூடேறிவிடும். பிராசசர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள மொத்தத்தையும் அணைத்துவிடும். வேலையும் அதோடு போகும்.

இரண்டு பேரும் தப்பானவர்கள் இல்லை. ஒருவர் கம்பெனியைப் பார்த்தார், ஒருவர் சில்லரைப் பார்த்தார். அந்த அறைக்குள் நின்றது நான். நெருக்கடியில் போனில் வருகிற யோசனையைக் கேளுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் போனில் இருப்பவருக்கு மூக்குக் கண்ணாடி மங்கவில்லை என்பதை மறக்காதீர்கள்.

எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். தண்ணீரின் குளிரை ஒவ்வொரு டிகிரியாகக் குறைத்துக்கொண்டு வருவது. ஒவ்வொரு முறையும் அவள் பிராசசரின் வேகத்தைக் கொஞ்சம் இறக்குவது. கணக்கு ஓட ஓடவே அதைச் செய்ய அவள் திரையில் வசதி இருந்தது. அறைக்காற்றின் சூட்டுக்குக் கிட்டத்தில் தண்ணீர் வந்துவிட்டால் குழாய் வியர்க்காது. ஆனால் வேலை தாமதமாகும், நேரத்துக்கு முடியாமல் போகலாம். அதற்குள் எங்காவது ஒரு சொட்டு விழுந்தால் கம்ப்யூட்டரும் மிஞ்சாது. இப்போது நிறுத்தினால் கம்ப்யூட்டராவது மிஞ்சும். ஒளிக்காமல் அவளிடம் சொன்னேன். அவள் மெஷின், அவள் வேலை, அவள் அப்பா. நான் யார் முடிவு பண்ண?

அவள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். "ஓடட்டும்க்கா," என்றாள். அதுவரை மேடம்.

கெட்டிலை அணைத்தாள். ஈரத்துணியை எல்லாம் அள்ளிக் கூடத்தில் போட்டாள். ஜன்னலைத் திறக்கலாமா என்று யோசித்தோம். அப்பாவை வேண்டுமானால் கூடத்துக்கு மாற்றிவிடலாம் என்று என் வாயில் வந்துவிட்டது. பழக்கம் எங்கே போகும்? வேண்டாம் என்று நானே விழுங்கிக்கொண்டேன். அவருக்குக் காது வரைக்கும் போர்வையைப் போர்த்திவிட்டு, ஜன்னலை நாலு விரல் அளவுக்கு மட்டும் திறந்தோம்.

பிறகு நடந்ததில் சொல்வதற்கு ஒன்றுமில்லை. தரையில் உட்கார்ந்து குழாயைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு டிகிரி ஏற்றுவேன். அவள் வேகத்தை இறக்குவாள். காத்திருப்போம். மறுபடி ஒன்று. கால் மரத்துப்போனது. இந்த வயசில் எனக்கு இது தலையெழுத்தா என்று திட்டிக்கொண்டேதான் உட்கார்ந்திருந்தேன். கட்டிலிலிருந்து தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. அவரும் குழாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த அறையில் நாங்கள் மூன்று பேரும் ஒரே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தோம்.

இனிமேல் நேரத்துக்கு முடியாது என்று தெரிந்ததும், டூல் ரூம் சூப்பர்வைசரை நீயே கூப்பிட்டுச் சொல்லிவிடு, அவன் கூப்பிடுகிற வரைக்கும் காத்திருக்காதே என்றேன். கூப்பிட்டாள். அரைமணி தாமதமாகும் என்றாள். அந்தப் பக்கம் நல்ல வசவு. எனக்கே கேட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி திரையைப் பார்த்தாள். ஒரு கட்டத்தில் என் கையிலிருந்த துணியில் ஈரம் ஏறுவது நின்றுவிட்டது. குழாய் உலர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு கணக்கும் முடிந்தது. சரிபார்த்து அனுப்பினாள். அனுப்பிவிட்டு மேசையிலேயே தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

டக் டக். இரண்டு தட்டு.

புரோகிராம் ஒரு பிழையில்லாமல் ஓடியது. சூப்பர்வைசர் போன் பண்ணி, அரைமணி தாமதத்துக்கு மறுபடி ஒரு பாட்டுப் பாடிவிட்டு, அடுத்த மாடலை அனுப்பி வைத்தார். நம் ஊரில் பாராட்டு இப்படித்தான் வரும், வேறு மாதிரி எதிர்பார்க்காதீர்கள். கிருஷ்ணகிரியில் பேசி வைத்த இடம் வேண்டாம் என்று அண்ணனிடம் அவள் அன்றைக்கே சொல்லிவிட்டாள்.

மறுநாள் கம்பெனியில் முதலாளி போட்டோ எங்கே என்று கேட்டார். எடுக்கவில்லை என்றேன். சைட் கண்டிஷன் என்று மறுபடி ஆரம்பித்தார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "வீட்ல ஆள் படுத்திருக்கறது சைட் கண்டிஷனா சார்? அவருக்காகத்தான சார் அந்த மெஷினே?" என்றேன். அவர் கெட்ட மனுஷர் இல்லை. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிவிட்டு, வேண்டியதைச் செய்யுங்கள் என்றார்.

செய்ய வேண்டியது நமக்குப் புதிதே இல்லை. பெரிய மெஷின்களுக்கு நாம் கொடுக்கிற தண்ணீரின் சூடு, சுற்றியிருக்கிற காற்றின் சூட்டைப் பார்த்து அதற்கேற்பத் தானே ஏறி இறங்கும்படி எத்தனை சில்லர் செய்திருக்கிறோம். இதற்கு மட்டும் அது தோன்றவில்லை. "குளிரைக் காட்டணும்னு ஆசைப்பட்டுட்டோம் மேடம். சும்னே, சும்மா, நமக்காக," என்றார் நஞ்சப்பா. அவரே உட்கார்ந்து மாற்றினார். சில்லரின் சத்தம் போடுகிற பாகத்தை வீட்டுப் பின்பக்கம் தள்ளி வைத்தார். பிராசசரின் வேகம் முதலில் காட்டிய அளவுக்கு வரவில்லை. வேலைக்குப் போதும் என்றாள் பார்கவி.

காற்றின் சூட்டைப் பார்க்கிற சென்சாரை எங்கே மாட்டுவது என்று பேச்சு வந்தது. நஞ்சப்பா கம்ப்யூட்டருக்குப் பக்கத்துச் சுவரில் குறி வைத்தார். நான் வேண்டாம் என்றேன். கெட்டில் கொதிப்பது, போர்வை காய்வது, ஜன்னலைச் சாத்துவது எல்லாம் யாருக்காக? அவர் இருக்கிற இடம்தான் அந்த அறையின் சூடு. கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில், அவர் தட்டுகிற இடத்துக்குக் கொஞ்சம் மேலே, சென்சாரை நானே கட்டினேன். ஐயா, இங்க கட்டட்டுமா என்று கேட்டேன். இரண்டு தட்டு. இந்தத் தடவை யாரையும் வெளியே அனுப்பவில்லை. கெட்டிலைக் கொதிக்கவிட்டு, ஜன்னலைச் சாத்தி, அவரைப் படுக்கவைத்தே ஓட்டிப் பார்த்தோம். குழாய் காய்ந்தே இருந்தது.

ஏரியா கிளியரை விட்டுவிடாதீர்கள், உங்கள் விரலைக் காப்பாற்றுகிற பழக்கம் அது. எங்கே கிளியர் பண்ணக் கூடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், அவ்வளவுதான். இதை நான் ஒரு பயிற்சி வகுப்பிலும் சொன்னதில்லை. சொல்ல அலுப்பாக இருந்தது. சொன்னால் இதன் மிச்சத்தையும் சொல்ல வேண்டியிருக்கும்.

நான் ரிட்டயர் ஆனேன். பார்கவிக்கு வேலை நிற்காமல் வந்தது. அவ்வப்போது போன் பண்ணி, அப்பா நல்லா இருக்காரு, தண்ணியும் நல்லா ஓடுதுக்கா என்பாள். இரண்டையும் ஒரே மூச்சில்தான் சொல்வாள். அடுத்த மழைக்காலம் முடிகிற சமயத்தில் அவர் போய்விட்டார். அந்த அறையில், அந்தக் கட்டிலில், மகள் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கும்போது. துக்கத்துக்குப் போய் வந்தேன். அந்த வீட்டில் அன்றைக்குத்தான் அவள் அண்ணனைப் பார்த்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு ஒரு நாள் காலையில் போன் வந்தது. வழக்கம்போல் அப்பாவைப் பற்றி ஆரம்பிக்கப் போனவள் நிறுத்திக்கொண்டாள்.

"அக்கா, கட்டிலை எடுத்துட்டாங்க. சென்சார் தரையில கெடக்குது. எங்க மாட்டறதுன்னு தெரியல."

எத்தனை கம்பெனியில், எத்தனை மெஷினில், ஏறிட்டும் பார்க்காமல் இங்கே மாட்டு, அங்கே மாட்டு என்று கை காட்டியவள் நான். நான் வர்றேன், அதுவரைக்கும் எங்கேயும் மாட்டாதே என்று சொல்லிவிட்டு ஆட்டோ பிடித்துப் போனேன். கட்டில் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறமாக இருந்தது. பார்கவி ஒயரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்த அறையில் இனி எந்த இடத்துச் சூட்டைப் பார்ப்பது என்று எனக்கும் தெரியவில்லை.